எச்சத்தில் கிடந்த ஓர் இறகு: சிறு இரைகொல்லிகளைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

காட்டுப் பாதையில் ஒரு பாறையின் மேல் மரநாயின் எச்சம் கிடந்தது. குச்சியால் மெல்லக் கலைத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு பழக்கொட்டைகள். வண்டுகளின் கடினமான சிறகு ஓடுகள் நாலைந்து, கொஞ்சம் எலி முடி, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன இறகு. உடன் வந்த நண்பரின் கண்ணில் அந்த இறகு மட்டும்தான் பட்டது. "பாருங்க, இங்க பறவை குறைஞ்சதுக்குக் காரணம் கையிலேயே கெடச்சிருச்சு" என்றார்.

அவர் காட்டின் மேல் மெய்யான அக்கறை உள்ளவர். ஆனாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டார். ஒரு விலங்கு எதைத் தின்கிறது என்பது ஒரு கேள்வி. அது தின்பதால் இரையின் எண்ணிக்கை என்ன ஆகிறது என்பது இன்னொரு கேள்வி. எச்சம் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும், இரண்டாவதற்குச் சொல்லாது. கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி, குளிர்நாட்டுக் காடுகளின் நீளுடல் ஊனுண்ணிகளான மார்ட்டென், ஸ்டோட், வீசல் என எந்தச் சிறு இரைகொல்லியைப் பற்றிய பேச்சானாலும் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் முளைக்கின்றன.

முதல் கேள்விக்கே எச்சத்தை முழுதாக நம்ப முடியாது. எலியை அப்படியே விழுங்கினால் முடியும் எலும்பும் நிறைய வெளியே வரும். பெரிய இரையின் சதையை மட்டும் தின்றால் தடயம் குறைவு. முட்டையை உடைத்துக் குடித்திருந்தால் அநேகமாக எதுவுமே மிஞ்சாது. கொன்று தின்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்பதையும் இறகு சொல்லாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் பெரும்பாலும் பழத்தைத் தின்று வாழ்வது. அது போகுமிடமெல்லாம் விதையும் போகிறது. இரைகொல்லி என்று பெயர் வைத்துவிட்ட பிறகு இந்தப் பக்கம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அடுத்தது, கொல்லப்பட்டவற்றை எண்ணி அத்தனையும் இழப்பு என்று எழுதிக்கொள்வது. ஓர் ஈட்டில் பத்து முட்டை வரை இடும் சிறு பறவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த இணை தன் வாழ்நாளில் வளர்க்கும் குஞ்சுகளில் இரண்டு மட்டும் பிழைத்து இனப்பெருக்கம் செய்தால் போதும், எண்ணிக்கை அப்படியே நிற்கும். மற்றவை பசியிலோ குளிரிலோ நோயிலோ இடம் கிடைக்காமலோ எப்படியும் சாகும். அவற்றில் சிலவற்றை மரநாய் முந்திக்கொண்டு பிடித்தால் அடுத்த வசந்தத்தில் கூடு கட்டும் பறவைகளின் தொகை மாறாமலே இருக்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலச் சதுப்புகளில் பால் எர்ரிங்டன் என்ற ஆய்வாளர் மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கைப் பல ஆண்டுகள் கவனித்தார். மிங்க் என்னும் நீர்க்கரை இரைகொல்லி பிடித்தவற்றில் மிகுதியும் நல்ல இருப்பிடம் கிடைக்காமல் அலைந்தவை என்று கண்டார். இதை ஈடுகட்டும் சாவு என்று சொல்லலாம். ஒரு காரணத்தால் சாகாதது இன்னொரு காரணத்தால் செத்திருக்கும்.

எல்லாச் சாவும் இப்படி ஈடுகட்டப்படும் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். மெதுவாகப் பெருகும் இனத்தில், முட்டையிடும் வயதுக்கு வந்த பெண் ஒன்று போனால் அது கூடுதல் சாவு. அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே எத்தனை செத்தன என்று கேட்பதோடு எந்த வயதில், எந்தப் பாலில், எந்தப் பருவத்தில் செத்தன என்றும் கேட்க வேண்டும்.

கொல்லாமலும் ஓர் இரைகொல்லி எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதை நான் நெடுநாள் நம்பவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாட்டுச் சிட்டுகளை வைத்து நடத்திய சோதனை என் மனதை மாற்றியது. ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. எந்த விலங்கும் நெருங்க முடியாதபடி மின்வேலியும் வலையும் போட்டுக் கூடுகளைக் காத்துவிட்டு, ஒரு பகுதியில் இரைகொல்லிகளின் குரல்களையும் இன்னொரு பகுதியில் தீங்கற்ற உயிர்களின் குரல்களையும் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். இரைகொல்லியின் குரலைக் கேட்ட சிட்டுகள் அந்த ஆண்டில் 40 சதவீதம் குறைவான குஞ்சுகளையே வளர்த்தெடுத்தன. முட்டை குறைந்தது, அடைகாக்கும் நேரம் குறைந்தது, குஞ்சுக்கு இரை கொண்டுவரும் நடை குறைந்தது. ஒரு கூட்டைக்கூட யாரும் தொடவில்லை. எச்சத்தை மட்டும் படிப்பவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

இனி, இரண்டே உயிர்களை மட்டும் பார்ப்பது என்ற பிழை. அயர்லாந்துக் காடுகளில் செவ்வணில் வாழ்ந்துவந்தது. வட அமெரிக்காவின் சாம்பல் அணிலை 1911இல் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். உடல் பெரியது, உணவுப் போட்டியில் முந்துவது. பிரிட்டனில் அது சுமக்கும் பாக்ஸ் வைரஸ் தன்னை ஒன்றும் செய்யாமல் செவ்வணிலைக் கொன்றது. செவ்வணில் பின்வாங்கிக்கொண்டே போனது. பூனையளவு உடலும் புசுபுசுவென்ற வாலும் கொண்ட பைன் மார்ட்டென் அதே காலத்தில் வேட்டையாலும் நஞ்சாலும் காட்டழிப்பாலும் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 1976இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. மெல்ல மெல்லத் திரும்பியது.

மார்ட்டென் இரண்டு அணில்களையும் தின்னும். எளிய கணக்குப்படி, ஏற்கெனவே நலிந்த செவ்வணில் இன்னும் நலிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. மார்ட்டென் நிலைபெற்ற அயர்லாந்தின் நடுப்பகுதிக் காடுகளில் சாம்பல் அணில் சரிந்தது, செவ்வணில் திரும்பி வந்தது. அயர்லாந்து ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வும் 2018இல் அதே போக்கைக் காட்டியது. பிறகு உணவுத் தட்டுகளில் மார்ட்டெனின் வாடையைத் தடவிப் பார்த்தார்கள். செவ்வணில் தட்டுக்கு வருவதைக் குறைத்தது, வந்தாலும் தலையை நிமிர்த்திச் சுற்றும் முற்றும் பார்த்தது. சாம்பல் அணில் வழக்கம்போல் வந்து தின்றது. செவ்வணிலும் மார்ட்டெனும் நெடுங்காலம் ஒரே காட்டில் வாழ்ந்தவை. சாம்பல் அணிலுக்கு அந்த வாடையின் பொருள் தெரியவில்லை.

மார்ட்டென் எங்கும் இதே வேலையைச் செய்யும் என்று பொதுமைப்படுத்தவும் கூடாது. நகரப் பூங்காக்களை அது பெரும்பாலும் தவிர்க்கிறது, அங்கே சாம்பல் அணில் நிம்மதியாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் தரையில் கூடு கட்டும் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழிக்கோ அதே மார்ட்டென் முட்டைத் திருடன். ஒரே விலங்கை ஓர் இனத்தின் காவலன் என்றும் இன்னோர் இனத்தின் எதிரி என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் உண்மை.

பசிபிக் பெருங்கடலிலுள்ள குவாம் தீவின் சங்கிலி இன்னும் நீளமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்குகளோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அத்தீவுக்கு உரிய 12 காட்டுப் பறவை இனங்களில் 10ஐ அங்கிருந்து அழித்தது. பறவைகள் போனபின் காட்டில் நடந்து பார்த்தவர்கள் சிலந்தி வலைகளை விலக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அருகிலுள்ள தீவுகளோடு ஒப்பிட்டால் மழைக்காலத்தில் குவாமில் சிலந்திகள் 40 மடங்கு வரை மிகுதி. பாம்புக்கும் சிலந்திக்கும் தொடர்பு இருப்பதாக முன்கூட்டியே யார் நினைத்திருப்பார்கள்?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மண்ணுக்கு உரிய இரைகொல்லியையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் ஹாபு என்ற நச்சுப் பாம்பை ஒழிக்க 1979இல் சுமார் 30 கீரிகளை விட்டார்கள். ஹாபு இரவில் திரிவது, கீரி பகலில் வேட்டையாடுவது. இரண்டும் சந்தித்துக்கொண்டதே அரிது. கீரிகள் ஏறத்தாழ 10,000 ஆகப் பெருகி, அங்கும் அருகிலுள்ள டோகுனோஷிமா தீவிலும் மட்டுமே வாழும் அமாமி முயலைத் தின்றன. பொறிகளும் மோப்ப நாய்களும் கொண்டு பல ஆண்டுகள் உழைத்து, 2024 செப்டம்பரில்தான் கீரி முற்றாக நீக்கப்பட்டதாக அறிவிக்க முடிந்தது. எலியை ஒழிக்க ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு 1883இல் கீரி கொண்டுபோனவர்களும் இதே நேரக் கணக்கைப் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லி, தன் சொந்தக் காட்டில் வாழும் கீரியைக் கொல்லச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு.

ஒரே ஆண்டின் கணக்கை வைத்து முடிவுக்கு வருவதும் அடிக்கடி நடக்கிறது. வடக்கு ஐரோப்பாவில் வோல் எனப்படும் குட்டைவால் எலிகள் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரியும். வோலின் வளைக்குள்ளேயே நுழையும் அளவுக்கு ஒல்லியான வீசல், வோல் பெருகிய பிறகு சற்றுத் தாமதித்துப் பெருகும், சரிந்த பிறகு தாமதித்துச் சரியும். வோல் தீர்ந்த ஆண்டில் நரியும் முயல், காட்டுக்கோழி பக்கம் திரும்பும். அந்த ஓராண்டை மட்டும் பார்த்தவர் நரியால் காட்டுக்கோழி அழிகிறது என்பார், முந்தைய ஆண்டைப் பார்த்தவர் நரியால் ஒரு கெடுதலும் இல்லை என்பார். 1970களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் சொறிநோய் பரவி நரிகள் வெகுவாகக் குறைந்தபோது முயலும் காட்டுக்கோழியும் பெருகின, கூடவே மார்ட்டெனும் பெருகியது. நரியின் உண்மையான பங்கு அப்போதுதான் தெளிந்தது.

நியூசிலாந்தில் பீச் (beech) என்னும் காட்டு மரங்கள் சில ஆண்டுகளில் விதையை அள்ளிக் கொட்டும். விதையைத் தின்று சுண்டெலியும் எலியும் பெருகும், அவற்றைத் தின்று ஸ்டோட் பெருகும். விதை முளைத்துத் தீர்ந்ததும் சுண்டெலிகள் சரியும். பசியோடு மிஞ்சும் ஸ்டோட்கள் பறவைகள் மேல் பாயும். ஸ்டோட் அங்கே 1880களில் முயலைக் கட்டுப்படுத்தக் கொண்டுவரப்பட்டது.

அந்தக் காடுகளில் காகா என்றொரு கிளி உண்டு, நெடுநாள் வாழ்வது. தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் இன்னும் நிறைய இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மரப்பொந்தில் அடைகாப்பது பெண் கிளி மட்டும்தான். பொந்துக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே வாசல், ஸ்டோட் அந்த வழியாகவே நுழைகிறது. முட்டை, குஞ்சு, தாய் மூன்றும் ஒரே இரவில் போகும். ஸ்டோட் கட்டுப்படுத்தப்படாத காடுகளில் இப்படிப் பெண்கள் குறைந்துகொண்டே போய், பறந்து திரியும் காகாக்களில் ஆண்களே பெரும்பான்மையாக மிஞ்சின. காட்டில் கிளிச் சத்தம் குறையாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.