அமங் அஸ்: இம்போஸ்டரைக் கண்டுபிடிப்பது எப்படி? (புதியவர்களுக்கு)

ஆட்டத்தை இறக்கி, பெயர் வைத்து, லாபிக்குள் (ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்கும் அறை) நுழைவது வரை உங்களுக்கே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். விண்கப்பலில் டாஸ்க் (சின்னச் சின்ன வேலை) செய்கிற க்ரூமேட்டுகளுக்குள் ஒளிந்துகொண்டு அவர்களைக் கொல்கிறவன்தான் இம்போஸ்டர். மீட்டிங்கில் பேசி, வோட்டுப் போட்டு அவனை வெளியேற்ற வேண்டும். 2018-இல் வந்த அமங் அஸ், 2020 ஊரடங்கில்தான் எல்லோர் போனுக்கும் வந்தது. அப்போதிருந்து விளக்க வீடியோக்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி, ‘குரல் நடுங்குகிறதா பாருங்கள், ரொம்பப் பேசுகிறவனைச் சந்தேகப்படுங்கள்’ ரகம். ராஜா ராணி திருடன் போலீஸ் சீட்டு ஆட்டத்தில் மூஞ்சியைப் பார்த்துத் திருடனைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. இதில் அந்தக் கஷ்டம் கிடையாது, கப்பலே சாட்சி சொல்லும். கூச்ச சுபாவம் உள்ளவன் இம்போஸ்டராக இல்லாதபோதும் திக்கித் திணறத்தான் செய்வான்.

கீழே உள்ள எல்லாம் ஸ்கெல்ட் என்ற கப்பல் மேப்புக்கு. முதலில் அதில் ஆடிப் பழகுங்கள்.

படி 1: லாபியில் செட்டிங்கைப் படியுங்கள்

விஷுவல் டாஸ்க் (செய்வது மற்றவர் கண்ணுக்கும் தெரிகிற டாஸ்க்) ஆனில் இருக்கிறதா, டாஸ்க் பார் (எல்லோரும் முடித்த டாஸ்க்குகளைச் சேர்த்துக் காட்டும் பச்சைக் கோடு) எப்போதெல்லாம் நகரும், இன்ஜினியர் போன்ற ரோல்கள் (தனித் திறன் உள்ள பாத்திரங்கள்) உண்டா? இந்த மூன்றும் போதும். விஷுவல் டாஸ்க் ஆனில் இருந்தால் மெட்பேயில் (மருத்துவ அறை) ஸ்கேன் செய்கிறவரைச் சுற்றிப் பச்சை வளையம் ஓடும். இம்போஸ்டரால் அதை வரவழைக்க முடியாது. ஆகவே வளையத்தைக் கண்ணால் பார்த்தால் அந்த ஆளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

படி 2: உங்கள் டாஸ்க் பட்டியலே முதல் துப்பு

ஸ்கெல்டில் வயர் சரிசெய்வதும் அட்மின் அறையில் கார்டு தேய்ப்பதும் பொது டாஸ்க்குகள். ஒரு பொது டாஸ்க் ஒரு க்ரூமேட்டுக்கு வந்தால் எல்லா க்ரூமேட்டுக்கும் வரும், இல்லையென்றால் ஒருவருக்கும் வராது. உங்கள் பட்டியலில் கார்டு இல்லை, ஆனால் ஒருவர் கார்டு மெஷின் முன்னால் போய் நிற்கிறார் என்றால் கவனியுங்கள். மீட்டிங்கில் “அங்கே என்ன செய்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். “கார்டு தேய்த்தேன்” என்று அவர் வாயாலேயே வந்துவிட்டால் வேலை முடிந்தது.

படி 3: டாஸ்க் பார் (இங்கேதான் பலர் அப்பாவியைத் தூக்கி வெளியே போடுகிறார்கள்)

‘டாஸ்க் முடித்துவிட்டு நகர்ந்தான், பச்சைக் கோடு ஏறவில்லை, அவன்தான்!’ புதியவர்கள் வைக்கும் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் பல கட்டங்கள் உள்ள டாஸ்க்கில் கடைசிக் கட்டம் முடிந்தால்தான் கோடு ஏறும். எலெக்ட்ரிக்கலில் டேட்டாவை டவுன்லோடு செய்தவர் அட்மினுக்குப் போய் அப்லோடு செய்யும்வரை கோடு அசையாது. வயரும் அப்படித்தான், மூன்று இடத்திலும் முடிக்க வேண்டும். கோடு ஏறுவதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதே நொடியில் வேறு மூலையில் யாராவது எதையாவது முடித்திருக்கலாம்.

அதனால் நான் கோட்டைவிட நேரத்தைத்தான் பார்ப்பேன். டவுன்லோடு முடிய 9 நொடிக்குப் பக்கத்தில் ஆகும். அதன் முன்னால் இரண்டு நொடி நின்றுவிட்டு ஒருவர் கிளம்பினால், கோடு ஏறினாலும் ஏறாவிட்டாலும், எங்கே போகிறார் என்று ஒரு கண் வைத்திருங்கள்.

படி 4: மீட்டிங்கில் இடத்தைச் சொல்லாதீர்கள்

உடலைப் பார்த்து ரிப்போர்ட் செய்தவுடன் “எலெக்ட்ரிக்கல்ல கிடக்கு!” என்று கத்தாதீர்கள். கொன்றவனுக்குப் பொய் தைக்க நீங்களே துணி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முதலில் ஒவ்வொருவரையும் எங்கே இருந்தார், என்ன டாஸ்க், யாரைப் பார்த்தார் என்று சொல்ல வையுங்கள். அப்புறம் இடத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதற்கு முன்பே யாராவது “நான் எலெக்ட்ரிக்கல் பக்கமே போகல” என்றால், வேறு என்ன வேண்டும்?

ஓர் உதாரணம். உடல் எலெக்ட்ரிக்கலில். பச்சை (ஆட்டக்காரர்களை நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம்) “மெட்பேயில் இருந்தேன்” என்கிறார், மஞ்சளும் “ஆமாம், பார்த்தேன்” என்கிறார். பலர் பச்சையை விட்டுவிடுவார்கள். ஆனால் மெட்பே, செக்யூரிட்டி, எலெக்ட்ரிக்கல் மூன்றும் வென்ட்டால் (இம்போஸ்டர் புகுந்து போகும் காற்றுக் குழாய்) இணைந்தவை. நடந்தால் சுற்றுவழி, வென்ட்டில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடலாம். எனவே மஞ்சளிடம் “பார்த்தது எப்போது? அவர் அறையை விட்டு வெளியே வந்ததைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

லைட் அணைந்த நேரத்துக்கு இன்னொரு கேள்வி. இருட்டில் க்ரூமேட்டுக்கு நாலடி தள்ளி எதுவும் தெரியாது, இம்போஸ்டரின் பார்வை குறையாது. அந்த நேரத்தில் “கஃபடேரியாவின் அந்தக் கோடியில் சிவப்பைப் பார்த்தேன்” என்று சாட்சி சொல்ல வருகிறவரை விடாதீர்கள்.

படி 5: எண்ணிப் பார்த்து வோட்டுப் போடுங்கள்

இம்போஸ்டர் எண்ணிக்கையும் க்ரூமேட் எண்ணிக்கையும் சமமானால் ஆட்டம் இம்போஸ்டருக்கு. உயிரோடு 7 பேர், அதில் 2 இம்போஸ்டர் என்றால் ஆதாரம் இல்லாதபோது ஸ்கிப் செய்யலாம் (யாரையும் வெளியேற்றாமல் விடலாம்). 5 பேர், அதில் 2 இம்போஸ்டர் என்ற நிலையில் ஸ்கிப் கிடையாது. அடுத்த கொலையோடு கதை முடிந்துவிடும், சந்தேகம் அரைகுறையாக இருந்தாலும் யாரையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நண்பர்களோடு என்றால் டிஸ்கார்டில் குரல், மீட்டிங் தவிர மற்ற நேரம் எல்லோரும் மியூட். தமிழை ஆங்கில எழுத்தில் டைப் செய்வதற்குள் வோட்டு நேரம் ஓடிவிடுகிறது. யார் எங்கே இருந்தார் என்று குறிக்க நோட்ஸ் ஆப் எனக்கு ஒத்து வருவதில்லை. ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

பின்சேர்க்கை: “வென்ட்டில் இறங்கியதைக் கண்ணால் பார்த்துச் சொன்னேன், க்ரூமேட்டை வெளியேற்றிவிட்டோம்” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 2021 நவம்பரில் ரோல்கள் வந்த பிறகு இன்ஜினியரும் வென்ட்டில் போகலாம். செட்டிங்கில் இன்ஜினியர் இருந்தால் வென்ட் மட்டும் ஆதாரம் ஆகாது. ஷேப்ஷிஃப்டர் (இன்னொருவர் உருவத்துக்கு மாறக்கூடிய இம்போஸ்டர்) இருந்தால் இன்னும் சிக்கல், நீலம் கொன்றதை நீங்களே பார்த்தாலும் அது நீல வேஷமாக இருக்கலாம். உடனே நீலத்துக்கு வோட்டுப் போடாமல், அந்த நேரத்தில் நீலத்தை வேறு அறையில் பார்த்தவர் உண்டா என்று முதலில் கேளுங்கள். ஒருவராவது கை தூக்கினால், அவருக்கும் நீலத்துக்கும் கூட்டு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.