மீட்ட நாயைத் தெரபி நாய் ஆக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தெருவில் அடிபட்டுக் கிடந்து வீட்டுக்கு வந்த நாட்டு நாய், ஒரே வருடத்தில் செல்லப்பிள்ளை ஆகிவிடும். பாட்டியின் காலடியில் படுக்கும், குழந்தை வாலைப் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். இதைத் தெரபி நாயாக, அதாவது முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஆறுதல் தரும் நாயாக, முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனால் என்ன என்று தோன்றுவது இயல்பு. முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. வீட்டாரிடம் குழைகிற நாய் வேறு, முன்பின் தெரியாதவரிடம் தானே போய் ஒட்டிக்கொள்கிற நாய் வேறு. தெரபி நாய்க்கு வேண்டியது இரண்டாவது குணம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதத்துக்குள் மனிதர்களோடு பழகாத நாய்க்கு அது பிறகு வருவது கடினம். "காப்பாற்றினோமே, நன்றியுள்ள பிராணி, செய்யும்" என்பதெல்லாம் நம் கணக்கு. நாயிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை.

சோதிப்பது எளிது. தெரியாத ஒருவரை உட்கார வையுங்கள். அவர் கூப்பிடக் கூடாது. நாய் தானாக வந்தால், மார்பை மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். மறுபடி வந்து உரசினால் சம்மதம். முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'வேண்டாம்' என்பதன் வேறு வேறு சொற்கள். தாடிக்காரர், புர்கா அணிந்தவர், ஹெல்மெட் போட்டவர், தடி ஊன்றியவர் என்று பத்துப் பேரிடமாவது இதைப் பாருங்கள். தத்தெடுத்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், நாய்க்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும்.

உடம்பைப் பார்க்காமல் குணத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. வண்டியில் அடிபட்ட நாய்க்கு இடுப்பிலோ பின்னங்காலிலோ பழைய முறிவு ஒளிந்திருக்கலாம். அந்த இடத்தில் அந்நியர் கை அழுத்தமாகப் படும் நாளில், அதுவரை சாதுவாக இருந்த நாய் வெடுக்கென்று திரும்பும். எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பெங்களூரில் உண்ணிக் காய்ச்சல் சகஜம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி இருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வழக்கமாக 28 நாள் தருவார்கள். இரண்டாம் வாரமே நாய் தெளிந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. ரேபிஸ் ஊசியும் மற்றத் தடுப்பூசிகளும் தேதி தவறாமல் போட்டிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும். பச்சை இறைச்சி தின்னும் நாய் நலமாகத் தெரிந்தாலும் மலத்தில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைப் பரப்பலாம். நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு அது ஆகாது.

இந்த ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. அம்மா "உக்காரு" என்பார், பயிற்சியாளர் "சிட்" என்பார், கீழ்வீட்டுக்காரர் கன்னடத்தில் "கூத்கோ" என்பார். மூன்றையும் கேட்டு நாய் நிற்கும். ஒரே சொல், கூடவே ஒரே கைச்சைகை என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். முக்கியமான கட்டளை 'உட்கார்' இல்லை, 'விடு'. முதியோர் இல்லத் தரையில் பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ விழுந்து கிடக்கலாம். இரண்டும் நாய்க்கு விஷம்.

ஒத்திகை இல்லாமல் போகாதீர்கள். சக்கர நாற்காலியை முதலில் பத்தடி தூரத்தில் அசையாமல் நிறுத்தி, நாய் அதைப் பார்க்கும்போதெல்லாம் தின்பண்டம் கொடுங்கள். பிறகு ஒரு சாண் நகர்த்துங்கள். எவர்சில்வர் தட்டு விழும் சத்தத்தை அடுத்த அறையிலிருந்து தொடங்குங்கள். வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்கினால் நாய் பயப்படும். நகம் வெட்டி, பாதத்தடியில் வளர்ந்த முடியையும் கத்தரியுங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ், நாலடி முதல் ஆறடி வரையான லீஷ் (பிடிகயிறு) போதும். ஆன்லைனில் 'தெரபி டாக்' என்று எழுதி விற்கும் மேலாடை எந்தத் தகுதிக்கும் சான்றில்லை.

உறுமினால் அதட்டுவதுதான் மிக ஆபத்தான தவறு. உறுமல் எச்சரிக்கை மணி. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை மணி அடிக்காமலே கடி விழும். உறுமினால் அமைதியாக வெளியே அழைத்து வாருங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும், ஊசி போட்ட நாயானாலும்.

போகும் நாளில் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஆட்டோவில் குலுங்கி வந்த நாயை நேரே வார்டுக்குள் நுழைக்காமல், வாசலில் சிறுநீர் கழிக்கவிட்டு, தண்ணீர் காட்டி, பத்து நிமிடம் உட்கார வையுங்கள். முதல் சில முறை 15 நிமிடம், பழகிய பிறகும் 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொடுபவர்கள் முன்னும் பின்னும் கை கழுவட்டும், ஆறாத புண் உள்ளவரை நாய் நக்கக் கூடாது. லீஷ் பிடித்திருப்பவரே போட்டோவும் எடுக்கக் கூடாது. அசம்பாவிதம் நடக்க, கண் செல்போனில் இருக்கும் அந்த அரை நிமிடம் போதும். நாய்க்குப் பயப்படுகிறவர்கள் ஒவ்வொரு இல்லத்திலும் இருப்பார்கள், எந்த அறைக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வழக்கமாகப் போகும் இல்லத்தின் கதவருகே இரண்டு வாரம் தொடர்ந்து நாய் தயங்கி நின்றால், மூன்றாவது வாரம் வீட்டிலேயே இருக்கட்டும்.