செகண்ட் ஹேண்ட் ஹோண்டா சிட்டி பாக்கறீங்களா, மொதல்ல சேஸிஸ் நம்பரை வாங்குங்க

யூஸ்டு கார் பாக்க போனா நம்மாளுங்க எல்லாரும் ஒரே மாதிரிதான், டயரை ஒரு உதை, பானட்டைத் தூக்கி எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு பார்வை, ஏசியைப் போட்டு கையை வச்சுப் பாக்கறது, அப்புறம் நேரா "கடைசியா எவ்ளோண்ணே". ரீகால் ஏதாவது பெண்டிங் இருக்கான்னு கேக்கறவங்கள நான் பாத்ததே கம்மி. ஹோண்டா சிட்டி மாதிரி வண்டி எடுக்கறப்ப அதைத்தான் மொதல்ல கேக்கணும், ஏன்னு சொல்றேன்.

ஓனருங்க புலம்பறது வேற, ரீகால் வேற. சஸ்பென்ஷன் சத்தம், ஏசி சரியா கூல் ஆகல, இதெல்லாம் நம்ம காசு, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ரீகால்ங்கறது கம்பெனியே தப்பை ஒத்துக்கிட்டு ஃப்ரீயா மாத்தித் தர்றது, அது சேஸிஸ் நம்பரோட ஒட்டிக்கிட்டு வரும், நீங்க மூணாவது ஓனரா இருந்தாலும் காசு கேக்க மாட்டாங்க. பிரச்சனை என்னன்னா லெட்டரும் போனும் மொத ஓனருக்குத்தான் போகும், அவர் வண்டியை வித்து வீடும் மாறி நம்பரும் மாத்தியிருப்பார், இப்ப வண்டி வச்சிருக்கறவருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

அதனால வண்டியைப் பாக்க கிளம்பறதுக்கு முன்னாடியே ஆர்சி புக்கோட போட்டோவை வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க. அதுல இருக்கற 17 எழுத்து சேஸிஸ் நம்பர்தான் நமக்கு வேணும். அதை கம்பெனி வெப்சைட்ல ரீகாலுக்குன்னு இருக்கற பக்கத்துல போட்டா இருக்கா இல்லையான்னு காட்டிடும். அதோட நிக்காம பக்கத்துல இருக்கற ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் "இந்த வண்டிக்கு ரீகால் கேம்பெய்ன் பெண்டிங் இருக்கா, செஞ்சதுக்கு ரெக்கார்டு இருக்கா"ன்னு கேளுங்க, செஞ்ச தேதியைக் கேட்டு எழுதிக்கோங்க. வண்டியை நேர்ல பாக்கறப்ப பாடியில அடிச்சிருக்கற நம்பரும் ஆர்சியில இருக்கறதும் ஒண்ணான்னு எழுத்து எழுத்தா படிங்க. நம்பர் தர மாட்டேன்னு இழுத்தடிக்கற பார்ட்டியை நான் அதோட விட்டுடுவேன்.

இப்ப ஏர்பேக் கதை. டகாட்டான்னு ஒரு ஜப்பான் கம்பெனி, உலகத்துல பல கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் சப்ளை பண்ணவங்க. ஏர்பேக்கை ஊத வைக்கற இன்ஃப்ளேட்டர்ல அம்மோனியம் நைட்ரேட்டை மாத்திரை மாதிரி செஞ்சு போட்டாங்க. வருஷக்கணக்கா ஈரக்காத்தும் சூடும் பட்டுப் பட்டு அந்த மாத்திரை உதிர்ந்து பொடியாயிடும், மோதுறப்ப எரிய வேண்டிய வேகத்தை விட பயங்கர வேகமா எரியும், உள்ள இருக்கற இரும்பு டப்பாவே வெடிச்சு துண்டு துண்டா மூஞ்சிலயும் கழுத்துலயும் பாயும். அமெரிக்காவுல மட்டும் 25 பேருக்கு மேல செத்திருக்காங்க. 2017ல அந்தக் கம்பெனியே திவால் ஆயிடுச்சு. அமெரிக்காவுல எந்த ஊர் வண்டியை அவசரமா மாத்தச் சொன்னாங்கன்னா ஃப்ளோரிடா, ஹவாய் மாதிரி வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊர்கள். சென்னையில மே மாசம் வெயில்ல நிக்கற காரை நினைச்சுக்கோங்க, நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

ஹோண்டா இந்தியா இதுக்காக ஒரு தடவை இல்ல, பல தடவை ரீகால் பண்ணாங்க. 2016 ஜூலையில 1,90,578 வண்டி, 2017 ஜனவரியில 2012ல தயாரான 41,580 வண்டி, 2018 ஜனவரியில 2013ல தயாரான 22,834 வண்டி, எல்லாத்துலயும் சிட்டி இருக்கு. அதனால "ஏர்பேக் மாத்தியாச்சு சார்"னு சொன்னா டிரைவர் பக்கமா, பக்கத்து சீட்டா, எந்த வருஷம்னு பிரிச்சுக் கேளுங்க, ஒரு பக்கம் மாத்திட்டு இன்னொரு பக்கம் அப்படியே கிடக்கலாம். ரீகால் பெண்டிங்ல இருந்தும் அந்த வண்டியை எடுத்தே ஆகணும்னா மாத்தற வரைக்கும் அந்த சீட்ல யாரையும் உக்கார வைக்காதீங்க, டிரைவர் பக்கம்னா ஓட்டவே வேணாம்.

ஏர்பேக் லைட்டையும் பாக்கணும். சாவியை ஆன்ல வச்சா எஸ்ஆர்எஸ் லைட் (அதான் ஏர்பேக் லைட்) எரிஞ்சு சில செகண்டுல அணையணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறுன்னு எல்லாருக்கும் தெரியும், எரியவே எரியலன்னா அதுவும் கோளாறுதான், அதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. போன வருஷம் மச்சானுக்காக ஒரு செடான் பாக்கப் போனேன், எந்த கம்பெனின்னு வேணாம், பெயிண்ட் பளபளன்னு இருக்கு, சீட் கவர் புதுசு. சாவியைப் போட்டா மீட்டர்ல ஆயில் லைட், பேட்டரி லைட், ஹேண்ட் பிரேக் எல்லாம் எரியுது, ஏர்பேக் மட்டும் இருட்டு. மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். டேஷ்போர்டுல பக்கத்து சீட் பக்கம் விரலை வச்சுத் தடவினா ஒரு கோடு மாதிரி தட்டுச்சு, ஒட்டி பெயிண்ட் அடிச்சிருக்காங்க. எங்கேயோ மோதி ஏர்பேக் விரிஞ்ச வண்டி, உள்ள ஒண்ணுமே இல்ல. மச்சான் டோக்கன் அட்வான்ஸ் வேற பாக்கெட்ல வச்சிருந்தான். இன்னும் சில கில்லாடிங்க ஏர்பேக்குக்குப் பதிலா ரெசிஸ்டர்னு ஒரு சின்ன எலக்ட்ரிகல் பார்ட்டை சொருகி லைட் ஒழுங்கா எரிஞ்சு அணையற மாதிரியே பண்ணிடுவாங்க, அதனால லைட் ஓகேன்னாலும் மெக்கானிக்கை விட்டு ஸ்கேனர் போட்டு, ஸ்டியரிங் பேடையும் டேஷ்போர்டையும் பாத்துடுங்க.

சென்னையில பழைய கார் பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டையில கிடைக்காத பார்ட் இல்ல, கண்ணாடி, ஹெட்லைட், டோர்னு தாராளமா வாங்கலாம், ஏர்பேக் மட்டும் வேணாம், அது எந்த வண்டியிலேந்து கழட்டினதுன்னு விக்கறவருக்கே தெரியாது.

கொஞ்சம் புது வண்டி பாக்கறவங்களுக்கு ஃப்யூயல் பம்ப். அதுக்குள்ள சுத்தி பெட்ரோலைத் தள்ளற சின்ன சக்கரம், இம்பெல்லர்னு சொல்வாங்க, அது சரியில்லாததால இன்ஜின் திடீர்னு நின்னுடலாம், இல்ல ஸ்டார்ட்டே ஆகாம போகலாம். பைபாஸ்ல லாரிக்கு முன்னாடி நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. இதுக்காக ஹோண்டா ரீகால் பண்ணது 2020 ஜூன்ல 65,651 வண்டி, 2021 ஏப்ரல்ல 77,954, 2024 அக்டோபர்ல இன்னும் 90,468, இதுலயும் சிட்டி இருக்கு, அமேஸும் இருக்கு. 2017 செப்டம்பர்லேந்து 2020 வரைக்கும் தயாரான சிட்டின்னா இதைக் கேக்காம எடுக்காதீங்க.

மாருதி சியாஸ் பாக்கறவங்களும் தப்பிக்க முடியாது. 2018 மே 4லேந்து 2020 அக்டோபர் 27 வரைக்கும் தயாரான பெட்ரோல் வண்டிங்க, சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா எல்லாம் சேர்த்து 1,81,754, மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக (அது ஒரு எலக்ட்ரிகல் பார்ட்) 2021 செப்டம்பர்ல ரீகால் ஆச்சு. பார்ட் மாத்தற வரைக்கும் தண்ணி தேங்கின ரோட்டுல ஓட்டாதீங்க, எலக்ட்ரிகல் பார்ட்ஸ் மேல நேரா தண்ணி அடிக்காதீங்கன்னு கம்பெனியே சொல்லுச்சு. மழை பெஞ்சாலே தண்ணி தேங்கற சென்னை வேளச்சேரியில இருக்கறவர் இதைப் படிச்சா சிரிப்பார். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்துல மூழ்கின வண்டியான்னு பாக்க சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க, அடியில சேத்துக் கறை இருந்தா தெரிஞ்சுடும், ஸ்டெப்னிக்கு அடியிலயும் கையை விட்டுப் பாருங்க.

சிட்டி ஓனருங்க புலம்பல்னு பாத்தா, ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டறது, குண்டும் குழியுமான ரோட்டுல முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம் (பெரும்பாலும் லிங்க் ராடு, சின்ன செலவு), டீசல்னா உள்ள வரைக்கும் கேக்கற இன்ஜின் சத்தம். சிவிடி (ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்) வண்டின்னா கியர் ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க, "அதெல்லாம் மாத்தவே வேணாம் சார்"னு சொன்னா அந்தச் செலவை விலையில கழிச்சுக்கோங்க.

ரீகால் பெண்டிங்னு தெரிஞ்சா விக்கறவரையே முடிச்சுத் தரச் சொல்லுங்க, அவருக்குச் செலவில்ல, ஒரு நாள் அலைச்சல்தான். பார்ட் ஸ்டாக் இல்லன்னு சர்வீஸ் சென்டர்ல சொன்னா எழுதி வாங்கிக்கிட்டு கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க. பேர் மாத்தி ஆர்சி கைக்கு வந்த வாரமே சர்வீஸ் சென்டருக்குப் போய் சேஸிஸ் நம்பரைச் சொல்லி பழைய ஓனர் போன் நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போடச் சொல்லுங்க, அடுத்த ரீகால் வந்தா அந்த போன் உங்களுக்கு வரும்.