காய்ந்த துணியோடு காரைத் தொடாதீர்கள்

காலை ஆறரை மணிக்கு எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, எட்டு கார். வாட்ச்மேன் அண்ணன் ஒரு காரைத் துடைத்ததும் துணியை அதே வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டு அடுத்ததற்குப் போவார். கடைசிக் காருக்கு வரும்போது வாளியில் இருப்பது தண்ணீர் இல்லை, சேறு. எங்கள் வரிசையில் என் கார் ஏழாவது. அதுவும் கறுப்பு. மூன்று வருடம் கழித்து ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கு வெளிச்சத்தில் பானட்டைப் பார்த்தேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் துடைக்கச் சொல்லிக் காசு கொடுத்தது நான்.

அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமானவை இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் இருக்கும். விளக்கைச் சுற்றி அமைந்தவற்றில் மட்டும் ஒளி பட்டுத் திரும்புவதால் வட்டமாகத் தெரிகிறது. அவை விழுவது நிறத்தின் மேல் இல்லை, அதற்கும் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலத்தில். பளபளப்பைத் தருவதும் வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான் கனம். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நம் தெருத் தூசியோ பொடிப்பொடியான மணல். அதிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். காய்ந்த மஞ்சள் துணியாலோ நூல் டஸ்டராலோ தூசியைத் தட்டும்போது நாம் செய்வது மெல்லிய உப்புத்தாள் போடுகிற வேலை. தூசி படிந்த கார் அசிங்கமாகத் தெரியலாம், ஆனால் தூசியால் பெயின்ட் கெடாது. தினமும் அதைத் தேய்ப்பதால்தான் கெடும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் பட்டாசுத் தூளோடு நிற்கும் காரைத் துணியால் துடைக்கக் கை பரபரக்கும். அன்றைக்கு மட்டுமாவது கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்போ எப்படித்தான் கழுவுவது? முதலில் வெறும் தண்ணீர். கூரையிலிருந்து கீழ்நோக்கி, கை படாமல், ஊற்றியோ பீய்ச்சியோ மண்ணை இறக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு கரைத்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் முக்கி ஒரு பாகத்தைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவுக்குள் விட வேண்டும். கதவுகளின் அடிப்பாகத்தில்தான் மண் அதிகம் என்பதால் அது கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அதில் இருக்கும். அந்தத் துணி பானட் பக்கமே வரக் கூடாது. கழுவும் நடுவில் துணி கீழே விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடராதீர்கள், வேறு எடுங்கள். பழைய பனியன், கிழிந்த வேட்டி, ஸ்பாஞ்ச் எல்லாம் வேண்டாம். ஸ்பாஞ்ச் மண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளாது, பரப்பிலேயே வைத்துத் தேய்க்கும்.

சோப்பு விஷயத்தில் இணையத்தில் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஒரு முறை போட்டால் பெயின்ட் உரிந்துவிடாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அதன் வேலை. நீங்கள் பூசிய வாக்ஸும் (மெழுகுப் பூச்சு) அதற்குப் பிசுக்குதான், சேர்த்து எடுத்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிட மோசம். காரமும் அதிகம், கரையாத துகளும் கீறும்.

நம் ஊரில் பெரிய வில்லன் தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. வெயிலில் நிற்கும் காரின் மேல் அதை ஊற்றினால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொள்ளும். நாள்பட்டால் பெயின்டையே அரிக்கும். ஆகவே நிழலில், பானட்டில் கை வைத்தால் சுடாத நேரத்தில் கழுவுங்கள். அலசியதும் தானாகக் காயட்டும் என்று விடாமல் நல்ல டவலால் ஒற்றி எடுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் காருக்கு ஊற்றுபவர்கள் உண்டு. வடிகட்டியது போக மிஞ்சிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காருக்குத் தோதானது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. ராத்திரி பிடித்து வைத்ததைத் துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே விழுந்துவிட்ட வெள்ளைப் புள்ளிக்கு, வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு உடனே நன்றாக அலச வேண்டும். போகவில்லையென்றால் அழுத்தித் தேய்க்காதீர்கள். அது உள்ளே இறங்கிவிட்டது, பாலிஷுக்குத்தான் மசியும்.

வார இறுதி வரை காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு: காக்கை, புறா எச்சம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் சூடேறி விரிந்து, மாலையில் சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். மே மாதத்தில் ஒரு பகல் போதும். அதற்காகச் சுரண்டவும் கூடாது. ஈரமாக்கிய டிஷ்யூவை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் தூக்கி எடுங்கள். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் டிஷ்யூவும் கிடக்கட்டும். புதிதாகப் போட்ட ரோட்டில் ஒட்டிய தாருக்குத் தின்னர் கேட்டு ஹார்டுவேர் கடைக்குப் போகாதீர்கள். தாரோடு பெயின்டும் போகலாம், முக்கியமாக ஏற்கெனவே டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்த இடத்தில்.

பாலிஷும் வாக்ஸும் ஒன்றென்று நினைப்பதுதான் அடுத்த குழப்பம். வாக்ஸ் மேலே படியும். பாலிஷ் கிளியர் கோட்டைச் சீவும். கீறலின் விளிம்பைச் சுற்றியுள்ள பரப்பைக் கொஞ்சம் இறக்கிச் சமமாக்குவதால்தான் கீறல் மறைகிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் இலவசம் என்று ரப்பிங் பாலிஷ் போடச் சொன்னால், அந்த 40 மைக்ரானிலிருந்து தவணை கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். டூத்பேஸ்ட் வைத்தியமும் இதே சீவல்தான், என்ன, கணக்கு வழக்கில்லாமல். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பாலிஷில் போகாது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வைத்திருப்பவர்கள் பாலிஷ் பக்கமே போகக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும்.

வாக்ஸ் நம் வெயிலில் இரண்டு மாதம் நின்றால் பெரிது. கட்டியாகப் பூசினால் அதிக நாள் நிற்காது, துடைக்கக் கைதான் வலிக்கும். கார் வாங்கும்போது கையில் திணிக்கப்படும் டெஃப்லான் கோட்டிங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. டெஃப்லான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஷோரூமில் கையால் தேய்ப்பதில் அது எப்படிப் பெயின்டில் ஒன்றும்? செராமிக் கோட்டிங் பரவாயில்லை, தண்ணீர் நிற்காமல் உருண்டோடும், கழுவுவது சுலபம். ஆனால் அதன் விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் கடினத்தின் அளவு, வைரத்துக்குப் பக்கத்தில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லாரி டயர் தெறிக்கும் கல்லையும் வாட்ச்மேன் வாளியையும் அது தடுக்காது. மேலே கவர் போடுவதும் அப்படித்தான். தூசி படிந்த காரின் மேல் போட்டால், ராத்திரி காற்றில் அதுவே ஆடி ஆடித் தேய்க்கும்.

ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்த வண்டிக்குப் பொட்டு வைப்பதை யாராலும் தடுக்க முடியாது, எங்கள் வீட்டிலும் முடியாது. வெள்ளைக் காரில் ஈரக் குங்குமமும் மஞ்சளும் நாள்கணக்கில் நின்றால் கறை இறங்கும். காய்ந்த சந்தனத்தை நகத்தால் உரித்தால் கீறலும் சேரும். அதனால் அம்மா இப்போது பொட்டைக் கண்ணாடியில் வைக்கிறார். எலுமிச்சம்பழம் வழக்கம்போல டயருக்கு அடியில். நசுங்கித் தெறித்த சாற்றைக் கையோடு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புகிறோம்.