பேண்ட் செத்துப்போச்சு என்று ரிக்கை அணைக்கும் முன்

வேலூர்ப் பக்கம் புதிதாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுத்தவர்கள் பலர், 20 மீட்டர் பேண்டில் (அலைவரிசையில்) யாரும் கேட்கவில்லை என்றதும் சூரியன் மேல் பழியைப் போட்டுவிட்டு, ரிக்கை, அதாவது ரேடியோவை, அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். முதலில் இரைச்சலைக் கவனியுங்கள். சூரியனில் பெரிய ஃப்ளேர், அதாவது தீப்பிழம்பு, வெடித்தால் அதன் எக்ஸ் கதிர் சுமார் 8 நிமிடத்தில் வந்து சேர்ந்து, வானில் உயரே ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் அடி அடுக்கான டி அடுக்கை அடர்த்தியாக்கி சிற்றலையை விழுங்கிவிடும், அப்போது நிலையங்களோடு தூரத்து இடியின் கரகரப்பும் சேர்ந்தே அடங்கி, ஆன்டெனா கேபிளைக் கழற்றியதுபோல இருக்கும். சிக்னல் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் 7-இல் ஏறி நின்று உர்ரென்று இரைகிறதா? அது சூரியன் வேலையே இல்லை. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், இல்லையென்றால் தெருக்கம்பத்தில் தூசி படிந்து காய்ந்து கிடக்கும் இன்சுலேட்டர். வீட்டு மெயினை அணைத்து பேட்டரியில் ரிக்கை ஓட்டிக் கேளுங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

ஃப்ளேர் பாதிப்பு பகல் பக்கத்துக்கு மட்டும்தான். இரவு 9 மணிக்கு 40 மீட்டர் மோசமாக இருந்தால் அப்போது வெடித்த ஃப்ளேரைக் குறை சொல்லாதீர்கள். பகலிலும் அதிர்வெண் குறைந்த கீழ் பேண்டுகள்தான் (மீட்டர் எண் பெரியவை) முதலில் அடிவாங்கும், 15 மீட்டருக்கோ 10 மீட்டருக்கோ ஏறிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் நிலைமை தேறிவிடும்.

அடுத்தது, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கே இன்டெக்ஸ் 5 என்றதும் பயப்படுவது. காந்தப் புயல் முதலில் கெடுப்பது துருவத்தை ஒட்டிப் போகும் பாதைகளை, அதாவது நமக்கு வட அமெரிக்கா. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது, நாம் அதற்குக் கிட்டே இருக்கிறோம், அதனால் இந்தோனேசியாவும் தென்னாப்பிரிக்காவும் அப்போதும் கிடைக்கலாம். ஆனால் இந்த இருப்பிடத்தாலேயே மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், சூரியன் மறைந்த பிறகு, புயல் எதுவும் இல்லாமலே குரல்கள் படபடவென்று நடுங்கும். ரிக் கெட்டுவிட்டது என்று திறந்துவிடாதீர்கள்.

அப்புறம் சோலார் ஃப்ளக்ஸ், அதாவது சூரியனின் ரேடியோ வீச்சைக் காட்டும் எண். ஒரு நாள் 200 தொட்டதால் மட்டும் 10 மீட்டரில் தூரத்து நிலையங்கள் கிடைத்துவிடாது, சில நாட்கள் உயரத்திலேயே நின்று கே-யும் 2க்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்களிலும் நண்பகல் 40 மீட்டர் நெட் (ஹாம்கள் கூடிப் பேசும் கூட்டம்) முன்னைவிட மங்கலாகத்தான் இருக்கும், டி அடுக்கும் கூடவே வலுப்பதால்.

எண்களைவிட நான் நம்புவது 14.100 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்களைத்தான், அதாவது தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையங்களை. உலகம் முழுக்க 18 இடங்கள், ஆளுக்கு 10 நொடி, 3 நிமிடத்தில் ஒரு சுற்று. கொழும்பு மட்டும் கேட்கவில்லை என்றால் பதற வேண்டாம், அவ்வளவு கிட்டே இருப்பதால் அலை பல சமயம் நம்மைத் தாண்டிப் போய்விடும்.