வாழைநாரின் வலிமையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாழைநாரைக் கண்ணாடிச் சில்லில் கிடத்தி, நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்து, விட்டத்தைக் குறித்துவிட்டு அடுத்த நாரை எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். லேபிள் ஒட்ட மறப்பது, அலகை மாற்றி எழுதுவது போன்றவை தானாகவே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாரை உருளையாக எண்ணுவது

நாரை அறுத்த விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வலிமை. விசையைக் கருவி துல்லியமாகத் தந்துவிடும். பரப்பில்தான் கோட்டை விடுகிறோம். தார் வெட்டியபின் வீணாகும் வாழையின் மட்டையிலிருந்து உரித்த நார், நைலான் இழைபோல் உருண்டையாக இருக்காது. அது பல செல்கள் ஒட்டிய கற்றை. உள்ளே நுண்துளைகள் வேறு. விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: சீராக உருளாது, தட்டையான பக்கம் வந்ததும் நின்றுவிடும். கண்ணாடியின் மேலும் அகன்ற முகம் தெரியத்தான் படுத்துக்கொள்ளும்.

அகலம் 210 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தடிமன் 120 மைக்ரான் உள்ள நார் 10 நியூட்டனில் அறுகிறது என்று வையுங்கள். 210-ஐ விட்டமாகக் கொண்டால் வலிமை 289 மெகாபாஸ்கல். நீள்வட்டமாகக் கணக்கிட்டால் 505. அதே நார், அதே விசை!

நூறு நார்களின் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. எல்லா நாரும் ஒரே வாட்டத்தில் படுப்பதால் பிழையும் ஒரே பக்கம்தான் சாயும். காஸ்டிக் சோடாவில் ஊறிய நாரையும் ஊறாத நாரையும் ஒப்பிட நான்கு மாதம் உழைத்தேன். ஊறியது வெகுவாக வலுத்துவிட்டதாக எண்கள் காட்டின. பிறகு சந்தேகம் வந்து, மீதமிருந்த சில நார்களைப் பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி, மெருகேற்றிப் பார்த்தேன். கரைசல் கற்றைகளைப் பிரித்து நாரை மெலிதாக, ஓரளவு உருண்டையாக ஆக்கியிருந்தது. தட்டை குறைந்ததால் என் பிழை குறைந்திருக்கிறது. நான் கண்ட "வலிமை உயர்வில்" பெரும்பகுதி அதுதான். அறுந்த துண்டுகளை எறிந்துவிட்டதால் மறுபடி அளக்கவும் வழியில்லை. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

நாரைத் திருப்பி இரண்டு கோணங்களிலாவது, நீளவாக்கில் நான்கைந்து இடங்களிலாவது அளந்துகொள்ளுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் எடை போடுங்கள். ஒரு கிலோமீட்டர் நாரின் எடை எத்தனை கிராம் என்பதே டெக்ஸ். வலிமையை டெக்ஸுக்கு இத்தனை நியூட்டன் என்று எழுதினால் விட்டமே வேண்டாம். அறுந்த துண்டுகளை எண்ணிட்டு உறையில் வையுங்கள்.

காஸ்டிக் சோடா கூடக்கூட நல்லது என்பது

மிதமான கரைசல், நாரின் செல்களை ஒட்டிவைக்கும் பொருள்களான லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் ஓரளவு நீக்கும். செறிவோ நேரமோ மீறினால் சுமையைத் தாங்கும் செல்லுலோஸுக்கே சேதம். கழுவிய நீரில் சிவப்பு லிட்மஸ் நீலமாகாத நிலை வரும்வரை கழுவுங்கள்.

ஈரத்தைக் கவனிக்காதது

நாரை 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு முழு நாள் வையுங்கள். பிறகுதான் சோதனை.

பிடிப்பானின் விளிம்பில் அறுந்த நார்

கருவி நாரைக் கவ்வும் இடத்தில் அறுந்தால், அது பிடியின் அழுத்தத்தால் இருக்கலாம். கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீளத்தைச் சொல்லாமல் வலிமையைச் சொல்வது

நார் நீள நீள, அதில் ஒரு பலவீனமான இடம் இருக்கும் வாய்ப்பும் கூடும். 10 மில்லிமீட்டரில் கிடைத்த எண்ணை 50 மில்லிமீட்டரில் கிடைத்ததோடு ஒப்பிடாதீர்கள்.

ஒரே எண்ணால் தரம் பிரிப்பது

தென்னைநாரின் இழுவலிமை வாழைநாரைவிடக் குறைவு. ஆனால் அதன் செல்சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் அகன்ற கோணத்தில் சுருள்போல் சுற்றியிருப்பதால், அறுவதற்குள் 15 முதல் 40 சதவீதம் வரை நீண்டு கொடுக்கும். வாழைநார் சில சதவீதத்திலேயே அறுந்துவிடும். வெடுக்கென்று இழுக்கும் சுமைக்கு நார் தேடுபவர் விசை-நீட்சி வரைபடத்தின் உச்சிப்புள்ளியோடு நின்றுவிடாமல், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பையும், அதாவது அறுவதற்குள் நார் உள்வாங்கும் ஆற்றலையும், பார்க்க வேண்டும்.