கோப்பை உயர்த்தும் நிமிடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருந்து மேசைகளை ஒழுங்கு செய்யும் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் பயிற்சி அளித்து வருகிறேன். வாழ்த்துச் சொல்லிக் கோப்பைகளை உயர்த்தும் அந்த ஒரு நிமிடத்தில் அவர்களும் விருந்தினர்களும் செய்யும் பிழைகள் பெரும்பாலும் என் இளமையில் நானே செய்தவை என்பதால் இதை எழுதுகிறேன். வாயில் உணவை வைத்துக்கொண்டு பேச எழுவது, வாழ்த்து முடியும் முன்பே குடித்துவிடுவது போன்றவற்றை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கத்தியால் கோப்பையைத் தட்டுதல்

அவையை அமைதிப்படுத்துவதற்காக உணவுக் கத்தியை எடுத்துக் கோப்பையைத் தட்டுபவரைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கண்ணாடியின் வலிமை அதன் மேற்பரப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் பொறுத்தது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் துடைக்கும்போதும் அக்கீறல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆகவே பத்து முறை தட்டியபோது இனிமையாக ஒலித்த கோப்பை, பதினோராம் முறை அதே மெல்லிய அடியில் விரிசல் விட்டுவிடலாம்.

ஒரு பணி ஓய்வு விருந்தில் எனக்கு அதுதான் நேர்ந்தது. நான் தட்டியதும் கோப்பையின் விளிம்பு சிதறி, அருகிலிருந்த தட்டுகளில் விழுந்தது. உணவில் கலந்த கண்ணாடித் துகளைக் கண்ணால் தேடி எடுத்துவிட முடியாது என்பதால், பன்னிரண்டு பேருக்குப் பரிமாறியிருந்த உணவு முழுவதையும் அகற்ற வேண்டியதாயிற்று. மேசை விரிப்பை மாற்றி, மறுபடி பரிமாறி முடிப்பதற்குள் விடைபெற இருந்த பெரியவரின் பேச்சுக்கான நேரம் கடந்துவிட்டது. பல நாள் எண்ணி எழுதி வைத்திருந்த அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்ததை நான் மறக்கவில்லை.

கோப்பையைக் கையில் ஏந்தி எழுந்து நின்று, ஒன்றும் பேசாமல் சற்றுக் காத்திருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் பேச்சை நிறுத்துவார்கள், அமைதி தானாகவே மேசையின் கடைசி வரை பரவும்.

விளிம்போடு விளிம்பை மோதுதல்

விளிம்புதான் கோப்பையின் மிக மெல்லிய பகுதி. கோப்பையைச் சற்றுச் சாய்த்து, அதன் வயிற்றுப் பகுதி மற்றதன் வயிற்றில் மெல்லப் படும்படி செய்ய வேண்டும். தண்டைப் பிடித்திருந்தால் மணி போன்ற ஒலி எழும். கோப்பையின் கிண்ணப் பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்த ஒலி அடங்கிவிடும்.

மேசைக்குக் குறுக்கே கை நீட்டுதல்

வேண்டாம். தொலைவில் இருப்பவருக்குக் கோப்பையை உயர்த்திக் கண்ணால் பார்த்தாலே போதும்.

தமக்கான வாழ்த்துக்குத் தாமே குடித்தல்

வாழ்த்தப்படுபவர் எழுந்து நிற்கவோ, மற்றவர்களோடு சேர்ந்து அருந்தவோ கூடாது என்பது மேலைநாட்டு விருந்து மரபு. தம்மைத் தாமே பாராட்டிக்கொள்வதாக அது பொருள்படும். அவர் அமர்ந்தபடியே புன்னகையுடன் ஏற்றுக்கொண்டு, பின்னர் எழுந்து நன்றி கூறித் தம் கோப்பையை உயர்த்தலாம்.

மது அருந்தாதவர் ஒதுங்கி நிற்றல்

பழச்சாறு போதும். எதுவும் அருந்தாமல் கோப்பையை உயர்த்தினாலும் வாழ்த்தில் பங்குகொண்டதாகவே ஆகும்.

அயல்நாட்டவரின் வழக்கத்தைக் கேட்காமல் இருத்தல்

ஜெர்மானியர்கள் கோப்பை தொடும் கணத்தில் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சீனர்களிடையே இளையவர் தம் கோப்பையின் விளிம்பைப் பெரியவரின் விளிம்புக்குக் கீழே தாழ்த்துவது மரியாதை. அங்கேரியரிடமோ பீர்க் கோப்பையை மோதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். 1849 அக்டோபர் 6 அன்று அராத் நகரில் ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிராகப் போரிட்ட அங்கேரியத் தளபதிகள் 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, ஆஸ்திரியர்கள் பீர்க் கோப்பைகளை மோதிக் கொண்டாடினார்கள் என்று அங்கேரியர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 150 ஆண்டுகளுக்கு அவ்வாறு செய்வதில்லை என்ற உறுதி 1999-இல் காலாவதியான பின்னரும், அவர்களில் பலர் பீரை மோதாமலேதான் அருந்துகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் மேசையில் இருந்தால், கோப்பையை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.